திரையிட்ட வண்டி

(இலக்கிய வட்டத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறமொழி எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று நம் செயலாளர் பணித்தபோது, வங்காளத்தைச் சேர்ந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். வங்காளம் என்றதும் நம் நினைவில் முதலில் எழும் பெயர்கள் பங்கிம் சந்திரரும் தாகூரும் சரத் சந்திரரும் ஆகும். நான் பேச வந்திருப்பது பேகம் ரொக்கேயா சகாவத் உசேன் அம்மையாரைப் பற்றி. அவர் எழுத்தாளர், அதே வேளையில் இருபத்தோர் ஆண்டுகள் கல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளியை நடத்தியவர். இவ்விரண்டு பணிகளும் ஒன்றோடொன்று முரண்படுவனபோல் தோன்றும் ஓரிடம் அவர் வாழ்வில் உண்டு. அந்த இடத்தைப் பற்றியே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இந்த அம்மையார் நம் சென்னைக்கு முற்றிலும் அயலானவர் அல்லர். கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசீன்' என்னும் ஆங்கில இதழில், 1905ஆம் ஆண்டு, 'சுல்தானாவின் கனவு' என்ற கதை வெளிவந்தது. அதை எழுதியவர் ரொக்கேயா. கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாட்களில், பொழுதுபோக்காக எழுதிய கதை என்று அவரே பின்னாளில் குறித்திருக்கிறார். ஆனால் கதை விளையாட்டன்று. அதில் ஒரு பெண்கள் நாடு வருகிறது. அங்கே ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். சூரிய வெப்பத்தைத் திரட்டி அடுப்பெரிக்கிறார்கள். மேகத்திலிருந்து நேரடியாக நீரை இறக்குகிறார்கள். எதிரிப்படை வந்தபோது அதை ஓட்டியதும் பெண்கள் பல்கலைக்கழகம் திரட்டி வைத்திருந்த வெயிலின் வெம்மையே. இத்தனைக்கும் மூலகாரணம் என்னவென்றால், அந்நாட்டு அரசி பெண்கள் அனைவரும் கல்வி பெறவேண்டும் என்று ஆணையிட்டதும், இருபத்தொரு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் கூடாது என்று விதித்ததும்தான். கையெழுத்துப் படியைப் படித்த கணவர், இது ஆண்குலத்தின்மீது தீர்த்துக்கொண்ட பழி என்று வியந்தாராம்.

இப்படி எழுதிய கை எங்கிருந்து வந்தது? 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இன்றைய வங்காள தேசத்தில் ரங்பூரை அடுத்த பைராபந்து என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் ரொக்கேயா பிறந்தார். வீட்டுப் பெண்கள் கடுமையான பர்தாவில் இருந்தனர். திருக்குர்ஆன் ஓதவும் ஓரளவு உருது படிக்கவும் இசைவு உண்டு. வங்காளமும் ஆங்கிலமும் பெண்களுக்கு ஆகாதவை. தாய்மொழியே விலக்கப்பட்ட மொழியாக இருந்த விந்தையை நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். தமக்கை கரீமுன்னிசாவுக்கு வங்காள எழுத்தில் தணியாத ஆசை. அவர் படிப்பது சுற்றத்தாரின் கண்டனத்துக்கு உள்ளாகவே, படிப்பு நிறுத்தப்பட்டது. இளவயதிலேயே மணமும் முடிந்தது. அந்தத் தமக்கைதான் தங்கைக்கு வங்காளம் கற்பித்தார். வீடு உறங்கிய பிறகு, விளக்கொளியில், அண்ணன் இப்ராகிம் ஆங்கிலம் கற்பித்தார். பள்ளிக்கூடத்து வாசலை மாணவியாக ஒருநாளும் மிதியாதவர் ரொக்கேயா.

பாகல்பூரில் துணை நீதிபதியாக இருந்த சையத் சகாவத் உசேன் என்பாருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் உருது பேசுபவர். வயதில் மிக மூத்தவர். ஏற்கெனவே மனைவியை இழந்தவர். எனினும் மனைவியின் எழுத்தை அவர் ஊக்கினார். பெண்கள் பள்ளி ஒன்றுக்கென்று பத்தாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கியும் வைத்தார். பிறந்த இரு பெண்மகவுகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. 1909ஆம் ஆண்டு மே மாதம் கணவரும் மறைந்தார். அதே ஆண்டில், பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு ரொக்கேயா பள்ளியைத் தொடங்கினார். கணவரின் மூத்த தாரத்து மகளோடு ஏற்பட்ட சொத்துத் தகராற்றினால் அவ்வூரை விட்டே நீங்கவேண்டியதாயிற்று. கல்கத்தாவுக்கு வந்து, 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில் எட்டு மாணவியரோடு மறுபடியும் தொடங்கினார். கணவர் பெயரால் அமைந்த சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி அதுவே.

அன்பர்களே, ஒரு பள்ளியைத் திறப்பது ஒரு நாள் வேலை. பிள்ளைகள் வரவேண்டுமே! அம்மையார் வீடு வீடாகச் சென்றார். பெண்ணைப் பெற்றவர்களிடம் கெஞ்சினார். இளம் விதவை ஒருத்தி இப்படி ஊர்சுற்றுவதா என்று வம்பு பேசியவர்களும் உண்டு. கற்பிக்கத் தகுதியுள்ள பெண்கள் கல்கத்தாவில் கிடைக்கவில்லை. ஆக்ரா, கயை, ஏன், நம் சென்னையிலிருந்துங்கூட ஆசிரியைகளை வரவழைத்தார். வந்தவர்களுக்குத் தாமே பயிற்சியும் அளித்தார். பள்ளியை எப்படி நடத்துவது என்பதை அவர் எங்கே கற்றார்? நகரத்தில் பிறர் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, அமர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றார். 1916இல் மாணவியர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

இனி நான் முன்பு சொன்ன அந்த இடத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை அழைத்துவர ஒரு மோட்டார் வண்டி ஏற்பாடாயிற்று. பர்தா கெடாமல் இருக்க, வண்டி நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. காற்றுக்கென்று மேலே ஒடுக்கமான ஒரு கம்பிவலை மட்டும். உள்ளே இருட்டு. குழந்தைகள் அஞ்சி அழுதார்கள், வெக்கையில் மயங்கினார்கள், வாந்தியெடுத்தார்கள். தாய்மார்களிடமிருந்து முறையீடுகள் வந்தன. அம்மையார் அடைப்பை நீக்கித் துணித்திரை தொங்கவிட்டார். மாலைக்குள் வேறுவகைக் கடிதங்கள் வரலாயின. காற்றில் திரை பறக்கிறது, பிள்ளைகள் தெரிகிறார்கள், இது என்ன பர்தா என்று கேட்டன அவை. பத்திரிகையில் எழுதுவோம், பிள்ளைகளை நிறுத்துவோம் என்ற மிரட்டலும் இருந்தது. அடைத்தால் குழந்தை மூர்ச்சையாகிறது. திறந்தால் பள்ளி மூடப்படும். 1931இல் வெளிவந்த 'அபரோதபாசினி' என்னும் நூலில் இந்நிகழ்ச்சியை அவரே எழுதியிருக்கிறார். 'திரைக்குள் வாழ்பவள்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பர்தாவின் பெயரால் பெண்கள் பட்ட பாடுகளை நாற்பத்தேழு குறுஞ்சித்திரங்களாகச் சொல்லும் நூல் அது. சிரிக்கச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை நம் தொண்டையிலேயே நிறுத்திவிடும் எழுத்து.

இங்கேதான் கேள்வி எழுகிறது. ஆண்களை அந்தப்புரத்தில் அடைத்துக் கதை எழுதிய அதே அம்மையார், தம் பள்ளி வண்டிக்குத் திரை போட்டார். தாமும் பர்தாவோடு வெளியே சென்றார். சமய நூல்களைப் பற்றித் தாம் இதழில் எழுதிய கடுமையான பத்திகள் சிலவற்றை, 'மோதிசூர்' என்ற நூலில் சேர்க்கும்போது நீக்கிவிட்டார். எழுத்தில் வீரமும் நடைமுறையில் பணிவுமா? இது இரட்டை வேடம் இல்லையா? இன்றைய இளைஞர்கள் இப்படிக் கேட்பார்களானால் அதில் தவறில்லை.

என் விடை இது. அம்மையார் எதை விட்டுக்கொடுத்தார், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று கணக்கெடுத்துப் பார்க்கவேண்டும். வண்டிக்குத் திரையை விட்டுக்கொடுத்தார். வண்டி போகும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் திரைக்கு அப்பால் வகுப்பறையில் நடந்தது என்ன? திருக்குர்ஆன் ஓதுதலோடு அதன் பொருளும் சொல்லப்பட்டது. ஆங்கிலம், வங்காளம், உருது, பாரசீகம் கற்பிக்கப்பட்டன. நோயாளியைப் பேணுதல், முதலுதவி, சமையல், தையல் ஆகியவற்றோடு உடற்பயிற்சியும் இசையும் பாடத்தில் இருந்தன. அந்நாளில் கண்ணியமான குடும்பத்துப் பெண்பிள்ளை உடற்பயிற்சி செய்வதா என்று கேட்டவர்களுக்காக அதை அவர் நிறுத்திவிடவில்லை. வெளியே தெரிவதில் இணங்கினார். உள்ளே வளர்வதில் இணங்கவில்லை. தந்தையின் மனம் மாறும்வரை மகள் காத்திருந்தால் அவள் படிக்கும் பருவம் கடந்துபோகும். கதைக்கு நூறாண்டு பொறுமை உண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கு அது கிடையாது. கதையாசிரியரும் தலைமையாசிரியையும் வேறுபடும் இடம் இதுவென்று நான் கருதுகிறேன்.

ஆனால் எந்த இணக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை மறைத்துப் பேசுவது அம்மையாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கல்கத்தாவின் மேற்குடி முஸ்லிம்கள் உருதுவையே உயர்ந்த மொழியாகக் கருதினார்கள். ஆகவே பள்ளியில் பயிற்றுமொழி உருதுவாயிற்று. வங்காளப் பிரிவு ஒன்றையும் அம்மையார் தொடங்கினார். போதிய மாணவியர் சேராமையால் அது நீடிக்கவில்லை. இரவில் ஒளித்துப் படித்த தாய்மொழியைத் தம் பள்ளியிலேயே நிலைநாட்ட இயலவில்லை என்பது எத்தனை பெரிய வேதனை! 'மோதிசூர்' இரண்டாம் பாகத்தைத் தமக்கைக்குக் காணிக்கையாக்கி, இத்தனை ஆண்டுகள் உருதுச் சூழலில் வாழ்ந்தும் வங்காளத்தை மறவாதிருப்பது தமக்கை தந்த அன்பினால்தான் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். பள்ளியில் இடம்பெறாத வங்காளம் அவருடைய எழுதுமேசையில் இடம்பெற்றது.

அதே 1911ஆம் ஆண்டில் நம் சென்னையில், இளமையிலேயே கணவனை இழந்த மற்றொரு பெண் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரைத்தான் சொல்கிறேன். மறு ஆண்டு அவர் இளம் விதவைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அவரும் இணங்கித்தான் போகவேண்டியிருந்தது. பிராமண விதவைகளுக்கு மட்டுமே அவ்வில்லம் முதலில் இடம் தந்தது. ஆசாரம் கெடாது என்ற உறுதி இல்லாவிடில் எந்தத் தகப்பனும் தன் மகளை அனுப்பியிருக்கமாட்டான். இரண்டு இணக்கங்களையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பது என் எண்ணம். வண்டித்திரையின் விலையைச் செலுத்தியவர்கள் உள்ளே அமர்ந்திருந்த பிள்ளைகள். சாதி வரம்பின் விலையைச் செலுத்தியவர்கள் உள்ளேயே வர முடியாத பிள்ளைகள். சுப்புலட்சுமி அம்மையாரின் தொண்டு பெரிது. பின்னர்க் கடற்கரை மீனவக் குப்பத்துச் சிறுவர்களுக்கும் அவர் பள்ளி நடத்தினார். எனினும் ஓர் இணக்கத்தை எடைபோடும்போது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பது நம் கடமை.

இணக்கம் உதவாத இடமும் உண்டு. திரையைக் கேட்பவர்களோடு பேசலாம். கதவையே பூட்டுபவர்களோடு என்ன பேசுவது? ஆப்கானிஸ்தானத்தில் 1996 முதல் 2001 வரை தாலிபான் ஆட்சியில் பெண்களின் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, ஹெராத் நகரில் தையற்பள்ளி என்ற பெயரில் ஓர் இலக்கிய வட்டம் நடந்தது. துணியும் ஊசியும் பைக்குள் மேலே இருக்கும். குறிப்பேடு அடியில் இருக்கும். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து இலக்கியம் கற்பித்தார்கள். நம்மைப்போல் விளம்பரம் செய்து, நாற்காலி போட்டு, தேநீர் அருந்திக் கூடும் வட்டம் அன்று அது. அகப்பட்டால் கடுந்தண்டனை. 2021இல் மறுபடியும் ஆட்சிக்கு வந்தவர்கள் ஆறாம் வகுப்புக்குமேல் பெண்களுக்குப் பள்ளியில்லை என்றாக்கிவிட்டார்கள். ரொக்கேயா அம்மையார் போட்ட திரையைப் போட்டுக்கொள்ள அங்குள்ள தாய்மார்கள் இன்றும் ஆயத்தமாகவே இருப்பார்கள், வண்டிதான் இல்லை.

அம்மையாரின் பள்ளி 1930ஆம் ஆண்டளவில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1916இலேயே அவர் நிறுவிய முஸ்லிம் பெண்கள் சங்கம் ஏழைப் பெண்களுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் துணைநின்றது. 1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், தாம் பிறந்த அதே நாளில், விடியற்காலையில் அவர் காலமானார். முன்னிரவு வரை எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடிவுறாமல் மேசைமேல் கிடந்தது. பெண்ணின் உரிமை என்பது அதன் பொருள். பகலெல்லாம் பள்ளிக் கணக்கும் பெற்றோர் முறையீடும் பார்த்தவர், இரவில் யாருக்கும் இணங்காத எழுத்தை எழுதினார். வங்காள தேசத்தில் அந்த நாள் இன்றும் ரொக்கேயா நாளாகக் கொண்டாடப்படுகிறது. டாக்கா பல்கலைக்கழகத்து மாணவியர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தொடங்கிய பள்ளி கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

இலக்கிய அன்பர்களே, நல்ல கதை எழுதினோம், நல்ல கதையைப் படித்தோம் என்ற நிறைவோடு நாம் கலைந்துபோவது வழக்கம். கனவு கண்டவரே அந்தக் கனவின் மிகச் சிறிய ஒரு பகுதியை, எட்டுப் பிள்ளைகள் அளவில், ஒரு வாடகை வீட்டில் நடத்திக்காட்டினார் என்பதை இந்தப் பத்தாம் ஆண்டில் நாம் நினைவிற்கொள்ளலாம். நம் தெருவிலும், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் ஒருத்தி இருக்கக்கூடும். அவள் ஏன் நின்றாள் என்று விசாரிக்க ஒரு மாலைப்பொழுதை நம்மில் ஒருவர் செலவிட்டாலும் இவ்வுரை பயனுடையதாகும்.