வாதாடுவதற்கு ஓர் அலுவலகம்

(கொல்லிமலை, செம்மேட்டில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



மறைந்த பெரியவர் ஒருவரின் நினைவைப் போற்ற மலர்மாலையும் புகழுரையும் மட்டும் போதமாட்டா. அவர் எவர் பொருட்டு வாழ்நாளெல்லாம் கவலையுற்றாரோ அவரைப் பற்றி ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊர் கூடிச் சிந்திக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தோடு இவ்வறக்கட்டளை அமைக்கப்பட்டிருக்கிறது. அவ்வெண்ணத்துக்கு இசைந்த பொருளாக, மாற்றுத்திறனாளிகளின் சார்பில் அரசினிடத்தில் வாதாடுவதற்கென்று அரசே அமைக்கும் அலுவலகத்தைப் பற்றி இன்று பேசத் துணிகிறேன். அரசே அரசினிடத்தில் வாதாடுவதா என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்புக்கு விடை கூறுவதும், அத்தகைய அலுவலகம் சட்டத்தில் ஏற்கெனவே பிறந்துவிட்டது, அது மலையேறி வருவதொன்றே மிச்சம் என்பதை எடுத்துக்காட்டுவதும் இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

1. தருமமும் உரிமையும்

உடற்குறையுற்றோர்பால் இரக்கம் காட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரை மாநகரில் வீடுதோறும் பிச்சையேற்றுக் கொணர்ந்த சோற்றைக் கண்ணற்றோரையும் செவியற்றோரையும் கால் முடம்பட்டோரையும் அழைத்து ஊட்டிய பின்னரே எஞ்சியதைத் தான் உண்டான் என்று சாத்தனார் பாடுகின்றார். கண்ணற்ற ஒருவரும் நடக்கவியலாத ஒருவரும் ஒருவரையொருவர் தாங்கி ஊர் ஊராகச் சென்று பாடினர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் இரட்டைப் புலவரை இத்தமிழகம் தலைமேல் வைத்துப் போற்றியிருக்கிறது. 

ஆயினும், அன்னமிட்ட அதே சமுதாயம், முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்றொரு பழமொழியையும் செய்து வைத்திருக்கிறது. தேனுக்குப் பேர்போன இம்மலையில் நின்றுகொண்டு அப்பழமொழியை நினைக்கும்போது என் மனம் கூசுகிறது. பசிக்குச் சோறு கேட்டால் இடுவோம். பள்ளியில் ஓர் இடமும், தகுதிக்கேற்ற உத்தியோகமும், பேருந்தில் ஏறுவதற்கு ஒரு வழியும், கிராம சபையில் ஒரு நாற்காலியும் கேட்டால், அவையெல்லாம் உனக்குக் கொம்புத்தேன் என்று சொல்லிவிடுவோம் என்பதல்லவா அதன் உட்பொருள்! தருமம் எத்துணை உயர்ந்ததாயினும் அது கொடுப்பவருடைய மனத்தைப் பொறுத்தது. உரிமையோ பெறுபவருடைய பிறப்பைப் பொறுத்தது. மறுக்கப்பட்ட தருமத்துக்கு முறையீடு இல்லை. மறுக்கப்பட்ட உரிமைக்கு முறையீடு உண்டு. முறையீடு உண்டென்றால், அதைக் கேட்பதற்கு ஓர் இடமும், எடுத்துரைப்பதற்கு ஒரு நாவும் வேண்டும்.

2. சட்டம் செய்த ஏற்பாடு

இந்திய நாடாளுமன்றம் 1995-ஆம் ஆண்டில் இயற்றி, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை வகுத்துரைத்ததோடு, மத்தியில் ஒரு தலைமை ஆணையரையும் மாநிலந்தோறும் ஓர் ஆணையரையும் அமர்த்த வழிசெய்தது. பின்னர் 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றுக்கொள்ள, அதனை 2007-ல் இந்தியா உறுதிசெய்து ஒப்ப, அவ்வொப்புதலின் பயனாக 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பிறந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை இருபத்தொன்றாயிற்று. அரசுப் பணியில் நான்கு விழுக்காடும், உயர்கல்வியில் ஐந்து விழுக்காடும் ஒதுக்கப்பட்டன.

இச்சட்டம் மாநில ஆணையருக்கு அளித்திருக்கும் அதிகாரம் சாமானியமானதன்று. எவரும் மனுக் கொடுக்கவில்லையென்றாலும், உரிமை பறிபோவதாகத் தெரிந்தால், அவர் தாமாகவே முன்வந்து விசாரிக்கலாம். விசாரணையின்போது, சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களை வரவழைப்பதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் ஒரு பரிந்துரையை அனுப்பினால், அதைப் பெற்ற அதிகாரி மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுப்பாராயின், மறுப்புக்குக் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்துதல், தாக்குதல், உணவின்றி வருத்துதல் போன்ற கொடுமைகளுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அவ்வழக்குகளைக் கேட்கச் சிறப்பு நீதிமன்றமும், நடத்தச் சிறப்பு அரசு வழக்கறிஞரும் வேண்டுமென்று அதே சட்டம் விதிக்கிறது. ஆகவே, அரசே அரசினிடத்தில் வாதாடுவது என்பது கற்பனையன்று. அது நாட்டின் சாசனம்.

3. கொடுக்கும் கையும் கேட்கும் நாவும்

எனினும், சட்டத்தில் எழுதப்பட்ட பதவி மனிதரால் நிரப்பப்படாதவரை அது வெறும் எழுத்தே. பல மாநிலங்களில் ஆணையர் நியமிக்கப்படாதிருந்தமை கண்டு உச்ச நீதிமன்றமே 2024-ஆம் ஆண்டில் நியமனங்களை விரைவுபடுத்துமாறு ஆணையிட நேர்ந்தது. நம் தமிழ்நாட்டின் நிலை வேறு: உதவித்தொகையும் உபகரணங்களும் வழங்குவதற்கென ஒரு தனித்துறையை வைத்துப் பேணி, பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது நம் மாநிலம். ஆயினும் பல ஆண்டுகளாக அத்துறையின் நிர்வாகத் தலைமையும் ஆணையர் பொறுப்பும் ஒரே அதிகாரியிடம் அமைந்திருந்தமையால் ஒரு சங்கடம் விளைந்தது. உதவி வரவில்லையென்று மனுக் கொடுப்பவர் எவரிடம் கொடுப்பார்? உதவியை அனுப்ப வேண்டியவரிடமே அல்லவா? மாநில அரசு வழங்கும் நிதி முறையாகச் செலவாகிறதா என்று கண்காணிப்பதும் ஆணையரின் கடமைகளுள் ஒன்று என்று சட்டம் கூறுகையில், செலவு செய்பவரே கண்காணிப்பவராகவும் இருப்பது எந்த நியாய சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது. அப்பதவியில் அமர்ந்தவர் எத்துணை உத்தமராயினும், கொடுக்கும் கையும் கேட்கும் நாவும் ஒரே உடம்பில் இருத்தலாகாது என்பதே என் முடிவான அபிப்பிராயம்.

4. ஏர்வாடி உணர்த்திய பாடம்

தாமாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு நம் மண்ணிலேயே கண்ணீர் தோய்ந்த ஒரு சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயுற்றோரைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்பவியலாது 28 பேர் மாண்டனர். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஏழு வகைகளுள் மனநோயும் ஒன்று என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சட்டம் அவர்களையும் தன் காப்பில் ஏற்றிருந்தது. ஆனால் சங்கிலியை அவிழ்க்கவில்லை. அவர்கள் மனு எழுதும் நிலையில் இல்லை; எழுதித்தர எவரும் செல்லவில்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது, எரிந்த பிறகு. முறையிட இயலாதவரைத் தேடிச் சென்று பார்ப்பதே வாதாடும் அலுவலகத்தின் முதற் கடமை என்பதை ஏர்வாடி நமக்கு உணர்த்தியிருக்கிறது.

பிற நாடுகளும் இக்கடமையை உணர்ந்திருக்கின்றன. சுவீடன் நாடு 1994-ல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு முறைமன்ற நடுவரை (ஆம்புட்ஸ்மன்) அமர்த்திப் பின்னர் 2009-ல் அப்பொறுப்பைச் சமத்துவத்துக்கான பொது அலுவலகத்தோடு இணைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பொது வாதாடுநர் அலுவலகம் அமைந்தது. சம்பளமின்றித் தொண்டாற்றும் சமூகப் பார்வையாளர்களை அவ்வலுவலகம் ஒருங்கிணைக்கிறது. அவர்கள் இல்லங்களுக்கும் மருத்துவ விடுதிகளுக்கும் முன்னறிவிப்பின்றிச் சென்று, அங்கிருப்போரிடம் பேசி, கண்டதை அறிக்கையாகத் தருகிறார்கள். பெரும் பொருட்செலவு வேண்டாத அவ்வேற்பாட்டை நாமும் கைக்கொள்ளலாகாதா?

5. கொல்லிமலையின் நிலை

இனி நம் மலைக்கு வருவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே இங்கே ஏற வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் நாமக்கல் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் சாமையும் விளைவித்து வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு இப்பயணமே ஒரு நாட்கூலியை விழுங்கிவிடும் என்றால், நடக்கவியலாத மகனைத் தோளில் சுமந்து செல்லும் தாய்க்கு அது எத்தகையது? நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு உண்டென்று மருத்துவச் சான்று பெற்றால்தான் பெரும்பாலான சலுகைகள் கிட்டும். அச்சான்றளிக்கும் எலும்பு, கண், செவி, மனநல வல்லுநர்கள் வழக்கமாக இருப்பதோ கீழே. சான்று பெற்றபின் தனித்துவ அடையாள அட்டை, பிறகு மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம், அதில் ஒரு பிழை நேர்ந்தால் மீண்டும் மலையிறக்கம். நாடு என்று வழங்கும் இம்மலைப் பகுதிகளுள், குண்டனி நாட்டிலோ ஆலத்தூர் நாட்டிலோ ஒரு குழந்தை காது கேளாது பிறந்தால், அதற்கு ஒரு செவிக்கருவி வாங்கித் தருவதற்குள் பேச்சுப் பழகும் வயதே கடந்துவிடக்கூடும்.

தமிழ்நாடு அரசு, உலக வங்கியின் துணையோடு, உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுவரத் தொடங்கியிருப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. ஆனால் சேவை ஒன்று, வாதம் வேறொன்று. சேவை மையத்தில் ஊன்றுகோல் கிடைக்கும். ஊன்றுகோலோடு வந்தவரைப் பேருந்தில் ஏற்றாது சென்ற நடத்துநர்மீது முறையிடுவதற்கு வாதாடுபவர் வேண்டும்.

அதற்கான கருவிகள் இம்மலையிலேயே கிடக்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, பழங்குடியினர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது; கொல்லிமலையின் பழங்குடி மாற்றுத்திறனாளியோ இவ்விரு தகுதியும் ஒருங்கே உடையவர். மாற்றுத்திறனாளி ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்று யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். வட்டாட்சியர் அந்நடுவர்களுள் ஒருவரே. எல்லாவற்றினும் மேலாக, 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் செய்த திருத்தத்தின்படி ஊராட்சிதோறும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக அமரும் வாய்ப்பு வந்திருக்கிறது. நம் பதினான்கு நாடுகளும் பதினான்கு ஊராட்சிகள். ஆதலின் பதினான்கு பேர்.

6. வேண்டுவன

ஆகவே நான் அரசினிடத்தில் பணிவோடும் உறுதியோடும் வேண்டுவன நான்கு. முதலாவது, ஆணையரின் அலுவலகம் துறை நிர்வாகத்தினின்றும் முற்றிலும் பிரிந்து, தனக்கென ஊழியரும் நிதியும் உடையதாக என்றும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆணையர் ஆண்டுக்கு இருமுறையேனும் செம்மேட்டில் அமர்ந்து நேரில் விசாரணை நடத்த வேண்டும். இடைக்காலத்தில் மனுக்களைப் பெற்று வழக்கை நடத்தச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் குறித்த நாளில் இங்கே இருத்தல் வேண்டும். மூன்றாவது, நியமன உறுப்பினர் பதினால்வருக்கும் பயிற்சியளித்து, அவர்கள் தத்தம் நாட்டிலுள்ள வீடுகளுக்குச் சென்று, வெளியே வராதிருப்பவர் எவரெவர் என்று அறிந்து, ஆணையருக்கு நேராக எழுதும் அதிகாரத்தைத் தர வேண்டும். நான்காவது, ஆணையரின் பரிந்துரைக்கு அதிகாரிகள் மூன்று மாதத்துக்குள் அனுப்பும் பதிலை, பாதிக்கப்பட்டவரின் பெயரை மறைத்து, கிராம சபையில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஊர் கேட்க மறுப்புக் கூறுவதற்கு எந்த அதிகாரியும் ஒரு முறைக்கு இருமுறை யோசிப்பார்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகளைக் கண்டது. இருபத்தொரு வகையும் எண்ணப்படும் நாளில் இத்தொகை பெருகவே செய்யும். முதுமையையும் விபத்தையும் நோயையும் எண்ணிப் பார்ப்போமாயின், இவ்வலுவலகம் நம்முள் எவருக்குத் தேவைப்படாது என்று எவரால் உறுதி கூறவியலும்?

பெரியோர்களே, அரசு செய்ய வேண்டியதைக் கூறினேன். இனி உங்கள் கடமை. உங்கள் தெருவில் வீட்டுக்குள்ளேயே காலம் கழிக்கும் ஒருவர் இருப்பாராயின், இந்த வாரமே அவரிடம் சென்று, அவருக்கு வேண்டுவது யாதென்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதை மனுவாக எழுதி, மாநில ஆணையருக்கு அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை விடாது கேளுங்கள். அடுத்து வரும் கிராம சபையில் உங்கள் ஊராட்சியின் நியமன உறுப்பினருக்கு ஏறிவரத் தக்க வழியும் முன்வரிசையில் இடமும் செய்து கொடுங்கள். மறைந்த பெரியவரின் நினைவுக்கு நாம் செய்யும் மெய்யான அஞ்சலி அதுவேயாகும்.