உரோம உடையும் உறவின் தேவையும்
(உரையின் எழுத்து வடிவம்)

மனநலம் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் மருத்துவமனையின் வாயிலிலேயே தொடங்கி வந்துள்ளது. நலிவுற்று வந்தவரை ஆராய்ந்து, அதனைக் கொண்டு நலமுற்றோரைப் பற்றியும் முடிவு கூறுவது உளவியலில் ஊறிப்போன பழக்கம். மனிதர் யாருடன் கூடியிருக்கும்போது நலமாக இருக்கின்றனர் என்னும் வினாவுக்கு விடை காண, ஆய்வாளர் மருத்துவமனையை விட்டு வெளியே வர வேண்டியுள்ளது. அவ்வாறு வெளியே வந்த ஆய்வுகளுள் ஒன்று, பலரும் எண்ணிப் பார்த்திராத இடத்திற்குச் சென்றது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கூடும் ஆந்த்ரோகான் என்னும் மாநாட்டு மண்டபமே அவ்விடம். நரியாகவும் ஓநாயாகவும் வேடம் பூண்டோர் நடமாடும் அக்கூடத்தின் நடுவே, வினாத்தாள்களையும் எழுதுகோல்களையும் வைத்துக்கொண்டு உளவியல் பேராசிரியர்கள் அமர்ந்திருந்தனர்.

மனிதரைப் போலப் பேசி, நடந்து, உடை உடுத்தும் விலங்குக் கதைமாந்தரிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டோர் ஃபர்ரி எனப்படுகின்றனர். உரோமத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. அறிவியல் புனைகதை, சித்திரக்கதை ஆகியவற்றின் ரசிகர் கூட்டங்களுக்குள் 1980-களில் இவர்கள் தனிக் குழுவாக உருப்பெற்றனர். 1989 சனவரியில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் இவர்களுக்கென்றே நடந்த முதல் மாநாட்டிற்கு வந்தவர்கள் 65 பேர் மட்டுமே. 1997-இல் ஆல்பனி நகரில் தொடங்கி, 2006 முதல் பிட்ஸ்பர்க்கில் நடைபெறும் ஆந்த்ரோகானுக்கு அண்மை ஆண்டுகளில் வருவோர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர்.

வெளியார் மனத்தில் பதிந்திருப்பது உரோம உடைதான். ஆயினும் முழு உடை வைத்திருப்போர் இக்குழுவில் சிறுபான்மையினரே. கைவேலையாகத் தைக்கப்படும் அவ்வுடையின் விலை பல ஆயிரம் டாலர். பெரும்பாலும் மாணவர்களும் இளம் ஊழியர்களுமாக உள்ள ஒரு குழுவில் அனைவராலும் அதனை வாங்க இயலாது. ஏறத்தாழ அனைவரிடமும் இருப்பது வேறொன்று. ஃபர்சோனா எனப்படும் அது, ஒருவர் தமக்கெனத் தாமே படைத்துக்கொள்ளும் விலங்கு உருவம். அதற்குப் பெயர் உண்டு, இயல்புகள் உண்டு, சில வேளைகளில் வாழ்க்கை வரலாறே உண்டு. ஓநாயும் நரியும் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கூச்சம் மிகுந்த ஒருவரின் ஃபர்சோனா துணிவுடையதாக இருப்பதைப் பலமுறை காணலாம். தாம் ஆக விரும்பும் மனிதரை விலங்கின் வடிவில் வரைந்து வைத்துக்கொள்கின்றனர் என்று இதனை விளங்கிக்கொள்வது பிழையாகாது.

முதல் ஆய்வும் அதன் இடறலும்

இக்குழுவைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்தவை பெரும்பாலும் இரு ஊற்றுகளிலிருந்து வந்தவை. 2001-இல் ஒரு பெரிய மாத இதழ் வெளியிட்ட கட்டுரை ஒன்று. 2003-இல் புகழ்பெற்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி மற்றொன்று. இரண்டும் ஃபர்ரிகளைப் பாலியல் விந்தையராகவே காட்டின. தாங்கள் பார்த்தறியாத மனிதரைப் பற்றி நாடு முழுவதும் ஒரே கருத்தை மக்கள் கொள்வதற்கு இவ்வளவே போதுமானதாயிற்று.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டி சமுதாயக் கல்லூரியில் உளவியல் கற்பித்த காத்லீன் கெர்பாசி, மனிதருக்கும் விலங்குகளுக்கும் இடையேயான உறவை ஆராய்ந்து வந்தவர். செவிவழிச் செய்திகளில் உண்மை எவ்வளவு எனச் சோதிக்க அவரும் உடனாய்வாளர்களும் முற்பட்டனர். மாநாட்டிற்கு வந்த ஃபர்ரிகள் 217 பேர், அங்கு வந்திருந்த பிறர் 29 பேர், ஒப்பீட்டிற்காகக் கல்லூரி மாணவர் 68 பேர் ஆகியோரிடம் வினாத்தாள் வழங்கப்பட்டது. முடிவுகள் 2008-இல் வெளியாயின.

பணிவான தொடக்கம், ஆனால் முற்றிலும் பிழையற்ற தொடக்கமன்று. தம்மை நூற்றுக்கு நூறு மனிதராகக் கருதவில்லை என்றும், இயலுமாயின் மனிதத் தன்மையை முற்றிலும் துறந்துவிடுவோம் என்றும் அவ்வாய்வில் கால்பங்கினர் விடையளித்திருந்தனர். இவர்களின் நிலையை விளக்க, அந்நாளில் மருத்துவ நூல்களில் வழங்கிய பாலின அடையாளக் கோளாறு என்னும் வகையை ஒப்புமையாகக் கொண்டு, இன அடையாளக் கோளாறு என்றொரு வகையைக் கட்டுரை முன்மொழிந்தது. 2011-இல் அதே ஆய்விதழில் கடும் மறுப்பு ஒன்று வந்தது. வழக்கத்திற்கு மாறான ஓர் அடையாளத்தைக் கண்டவுடன் அதற்கு நோயின் பெயர் சூட்டுவது முறையா, ஒப்புமைக்கு எடுத்துக்கொண்ட வகையே ஐயத்திற்கு இடமானதன்றோ என்று அது வினவியது. கெர்பாசி குழுவினர் அதற்கு விடையும் எழுதினர்.

பின்னர் வந்த ஆய்வுகள் இச்சிக்கலின் முடிச்சை ஓரளவு அவிழ்த்தன. தம்மை உள்ளத்தால் அல்லது ஆன்மாவால் விலங்கென்று உணர்வோர் தீரியன் எனப்படும் வேறொரு சிறு பிரிவினர். ஃபர்ரி கூட்டங்களில் அவர்களும் கலந்திருப்பர். பெரும்பான்மை ஃபர்ரிகளோ தம்மை மனிதரென்றே அறிவர். விலங்குருவம் அவர்களுக்கு விருப்பமும் விளையாட்டும் வெளிப்பாடுமாகும். இரு பிரிவினரையும் ஒரே கூடையில் இட்டு எண்ணியதால் நேர்ந்த குழப்பம், கணக்கெடுப்புப் பணியில் ஈடுபடும் எவருக்கும் புதிதன்று. வினா சரியாக இருந்தும், யாரிடம் கேட்கப்படுகிறது என்பது தெளிவாக இல்லாவிடின் விடை திசைமாறிவிடும்.

நம்பிக்கையைச் சம்பாதித்தல்

தனியொருவரின் முயற்சியாக இருந்தது விரைவில் ஒரு கூட்டாய்வாயிற்று. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரெனிசன் கல்லூரியின் சமூகவியலாளர் ஷாரன் ராபர்ட்ஸ், டெக்சாஸ் மாநிலத்தில் காமர்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரெய்சன், பின்னர் கியூபெக்கின் பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற கோர்ட்னி பிளான்ட் ஆகியோர் கெர்பாசியுடன் இணைந்தனர். பன்னாட்டு மனிதஉருவக ஆய்வுத் திட்டம் என்று அதற்குப் பெயர். ஃபர்சயன்ஸ் என்னும் சுருக்கப் பெயராலும் அது அறியப்படுகிறது. பிளான்ட் தாமே ஒரு ஃபர்ரி. அதனை அவர் மறைத்ததில்லை. உள்ளிருப்பவர் ஆராய்ந்தால் சார்பு நேரும் என்று சொல்வோர் உண்டு. வெளியிலிருந்து மட்டுமே பார்த்தால் நேரக்கூடிய வழுவையும் அவர்கள் எடை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஏளனத்திற்கு ஆளான ஒரு குழு, வினாத்தாளுடன் வரும் அந்நியரை எளிதில் நம்பாது. பத்திரிகையாளரிடம் மனம் திறந்து பேசி, பின்னர் அச்சில் தம்மைக் கண்டு நாணியவர்கள் அவர்களுள் பலர். எனவே ஆய்வாளர் ஆண்டுதோறும் அதே மாநாட்டிற்குத் திரும்பி வந்தனர். சென்ற ஆண்டு திரட்டிய விவரங்கள் என்ன கூறுகின்றன என்பதை, ஆய்விதழ் வாசகருக்குச் சொல்வதற்கு நிகராக, விடையளித்தவர்களின் முன் மேடையேறிச் சொன்னார்கள். பெயர் கேட்கப்படவில்லை, பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது. டெக்சாசிலும் டொரன்டோவிலும் நடந்த மாநாடுகளிலும் விவரம் திரட்டப்பட்டது. சப்பானிய அனிமே ரசிகர்கள், கற்பனை விளையாட்டுப் போட்டி ரசிகர்கள் ஆகியோரிடமும் ஒத்த வினாக்கள் கேட்கப்பட்டன. இவ்வொப்பீடு இல்லாவிடில், எல்லா ரசிகர்களுக்கும் பொதுவானதொரு பண்பை ஃபர்ரிகளுக்கே உரிய விந்தையென்று எழுதிவிட நேர்ந்திருக்கும்.

முடிவுகள் கூறுவன

முடிவுகளுள் மனத்தைத் தைப்பது பள்ளிப் பருவத் துன்புறுத்தல் பற்றியது. 11 முதல் 18 வயது வரையிலான காலத்தில் சக மாணவரின் கொடுமைக்கு ஆளானதாகப் பத்தில் ஏறத்தாழ ஆறு ஃபர்ரிகள் கூறினர். ஒப்பீட்டுக் குழுவில் அவ்வாறு கூறியோர் பத்தில் நால்வருக்கும் குறைவு. தன்பால் அல்லது இருபால் ஈர்ப்புடையோரும் திருநரும் இக்குழுவில் பொதுமக்களிடையே உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆட்டிச நிறமாலையைச் சேர்ந்தோரும் மிகுதி. ஆகவே பலர் இம்மாநாட்டு மண்டபத்தின் கதவைத் திறக்கும் முன்னரே வேறு பல கதவுகள் தம் முகத்தில் சாத்தப்படக் கண்டவர்கள்.

இவ்வளவு சுமையுடன் வருவோரின் மனநிலை சராசரிக்கு மிகவும் கீழே இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். வாழ்க்கையில் மனநிறைவு, தன்மதிப்பு ஆகியவை பற்றி அவர்கள் தாமே அளித்த விடைகளில் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. பொதுவாக அவை ஒப்பீட்டுக் குழுவினரின் விடைகளை ஒத்திருந்தன. ஆய்வாளரின் சிந்தனையைத் தூண்டியது இதுவே.

விளக்கத்திற்கு அவர்கள் நாடியது சமூக அடையாளக் கோட்பாடு. ஹென்றி டாஜ்ஃபெல், ஜான் டர்னர் ஆகியோர் 1979-இல் வகுத்தளித்த அக்கோட்பாட்டின்படி, ஒருவரின் தன்மதிப்பில் ஒரு பகுதி அவர் சார்ந்துள்ள குழுவிலிருந்து கிடைக்கிறது. சேர்ந்திருக்க வேண்டும் என்பது உணவைப் போன்ற அடிப்படைத் தேவை என்று ராய் பாமைஸ்டரும் மார்க் லியரியும் 1995-இல் வாதிட்டதும் இதனுடன் இணைத்து எண்ணத் தக்கது. பள்ளியில் நண்பரற்றிருந்த சிறுவன் ஒருவனுக்கு, ஓநாய்ப் படம் வரையும் பழக்கம் ஐந்நூறு கல் தொலைவில் உள்ள மற்றொருவனை நண்பனாக்குகிறது. பேச்சைத் தொடங்குவதற்கு உங்கள் ஃபர்சோனா எது என்னும் ஒரு வினா போதும். முகக்குறிப்பைப் படிப்பதில் இடர்ப்படுவோர் சிலர், மாறாத முகபாவம் கொண்ட உரோமத் தலைக்கவசத்தின் முன் தம் அச்சம் தணிவதாகக் கூறுகின்றனர்.

ஆயினும் உறவு மட்டும் அனைத்தையும் ஈடுசெய்துவிடுவதில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, தம் ஈடுபாட்டை வீட்டாரிடமும் உடன் பணிபுரிவோரிடமும் மறைத்து வாழ்வதற்கும் தன்மதிப்புக் குறைவிற்கும் தொடர்பிருப்பதைச் சுட்டியது. மறைப்பவர் ஏளனத்திலிருந்து தப்புகிறார். ஆனால் மறைக்க வேண்டிய ஒன்றாகவே தம்மைக் காணவும் பழகிவிடுகிறார். சனி, ஞாயிறு இரு நாளும் மாநாட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் திங்களன்று அலுவலகத்தில், விடுமுறை எப்படிக் கழிந்தது என்னும் எளிய வினாவிற்குப் பொய் சொல்ல நேர்வது சிறு துன்பம் போலத் தோன்றலாம். அது வாரந்தோறும் நிகழுமாயின் சிறிதன்று.

இம்முடிவுகளை அளவுக்கு மீறி நீட்டுவதும் தகாது. மாநாட்டிற்கு வருபவர் பயணச் செலவும் விடுதிக் கட்டணமும் தர இயன்றவர். அங்கு வரும் மனத்திண்மையும் அவரிடம் உண்டு. மனம் நொந்து குழுவை விட்டு விலகியவர், குழுவிற்குள்ளேயே புண்பட்டவர் ஆகியோர் வினாத்தாளின் முன் வந்து அமர்வதில்லை. உறவு நலத்தைத் தந்ததா, நலமுடையோர் உறவைத் தேடிக்கொண்டனரா என்பதை ஒருமுறை எடுத்த கணக்கு உறுதியாகச் சொல்லிவிட இயலாது. ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து காணும் ஆய்வுகளே இதற்கு உதவும். அவை செலவும் பொறுமையும் மிக வேண்டுபவை.

வெளியுலகம்

2014 திசம்பர் 7-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்ட் நகரில் மிட்வெஸ்ட் ஃபர்ஃபெஸ்ட் மாநாடு நடந்த விடுதியின் மாடிப்படியில் குளோரின் தூள் கொட்டப்பட்டு நச்சு வாயு பரவியது. ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் வெளியேற்றப்பட்டனர். 19 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வேண்டுமென்றே செய்யப்பட்ட செயலென்று காவல்துறை கருதியது. மறுநாள் இச்செய்தியை வாசித்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், ஃபர்ரி என்றால் என்னவென்று அறிந்ததும் சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்து சென்றுவிட்டார். நச்சு வாயுவால் மூச்சுத் திணறியோர் வேறெந்த மாநாட்டிற்கு வந்தவராயினும் அச்சிரிப்பு எழுந்திருக்குமா என்பது ஐயமே. மாநாடு அன்று காலையே மீண்டும் தொடங்கி முடிவு வரை நடந்தது.

நஞ்சைவிட மெதுவாகப் பரவியது வதந்தி. விலங்காகத் தம்மைக் கருதும் மாணவர்களுக்கெனப் பள்ளிக் கழிப்பறைகளில் பூனைக்குரிய மணல் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன என்னும் கதை 2021 இறுதியில் மிச்சிகனின் மிட்லாந்து நகரப் பள்ளிக் குழுக் கூட்டத்தில் எழுந்தது. அது முற்றிலும் பொய்யென்று அங்குள்ள பள்ளிக் கண்காணிப்பாளர் 2022 சனவரியில் அறிவித்தார். அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் அக்கதை பல மாநிலங்களைச் சுற்றி வந்தது. 2025 மார்ச்சில் டெக்சாஸ் சட்டமன்றத்தில், மாணவர் விலங்கைப் போல நடந்துகொள்வதைத் தடை செய்யும் மசோதா ஒன்றும் கொண்டுவரப்பட்டது. பதினான்கு வயதில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் நரிமுகம் வரையும் மாணவருக்கு இவ்விவாதம் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை எந்த வினாத்தாளும் இன்னும் அளந்துவிடவில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில், 2020-இலும் 2021-இலும், பிட்ஸ்பர்க்கில் மாநாடு கூடவில்லை; 2022-இல் மீண்டும் கூடியது. ஆய்வுக் குழுவின் பணிகளைத் தொகுத்துரைக்கும் நூல் 2023-இல் வெளிவந்தது. மாநாட்டு மேடையில் முடிவுகளை எடுத்துரைத்தபின், கேட்போர் பக்கமிருந்து வினாக்களை ஏற்பது ஆய்வாளர்களின் வழக்கம். இதைக் கேட்டீர்களே, அதை ஏன் கேட்கவில்லை என்று நரித் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து வினவுவார். பேராசிரியர் அதனைக் குறித்துக்கொள்வார்.