கூலி என்னும் ஆங்கிலச் சொல்



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல், உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சொல்தான். சி-ஓ-ஓ-எல்-ஐ-இ என்று எழுத்துக்கூட்டி, 'கூலி' என்று வாசிப்பார்கள். "இது நம் தமிழ்ச் சொல் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒலி ஒன்றுதான், பொருளில்தான் வேறுபாடு இருக்கிறது.

தமிழில் கூலி என்பதன் அடிப்படைப் பொருள், செய்த வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே. நாட்கூலி, ஏற்றுக்கூலி, வண்டிக்கூலி, தையற்கூலி என்று சொல்கிறோம். இவையெல்லாம் கைக்கு வரும் பணத்தைக் குறிக்கின்றன. வேலை செய்பவரைச் சொல்ல வேண்டுமானால் கூலிக்காரர், கூலியாள் என்று இன்னும் ஒரு சொல்லோ விகுதியோ சேர்க்கிறோம். திருவள்ளுவரும் 619ஆம் குறளில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். உடல் வருந்த முயன்றவருக்கு அந்த முயற்சி உரிய பலனைத் தரும் என்பது அங்கே கருத்து. ஆகவே, நம் மொழியில் இது இழிவான சொல் அன்று.

ஆங்கிலத்தில் என்ன நடந்தது? அங்கே கூலி என்றால் ஆள். சுமை தூக்கும் ஆசியத் தொழிலாளி என்று பொருள். ஊதியத்தின் பெயர் மனிதரின் பெயராகிவிட்டது.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. நம் தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பது ஒன்று. மேற்கு இந்தியாவில், குஜராத்தில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதி இவ்விரண்டையும் எடுத்துக் கூறுகிறது. இரண்டும் கலந்து உருவானது என்று கருதுவோரும் உண்டு. மலாய் மொழியிலும் இச்சொல் ஆளையே குறிக்கிறது. சீனர்கள் இதே ஒலிக்கு எழுதும் இரண்டு எழுத்துகளுக்குக் 'கசப்பு', 'வலிமை' என்று பொருள்.

இச்சொல் உலகெங்கும் பரவியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். இந்தியர்களை ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றினார்கள். மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள், துரைமார்களின் ஏடுகளில் 'கூலி' என்றே பதிவானார்கள். ஊரும் பேரும் தொழிலும் இருந்த மனிதர்களுக்கு ஒரே பெயர்! மலாயாவில் புதிய ஒப்பந்தங்கள் 1910இல் நிறுத்தப்பட்டன. ஒப்பந்தம் போனது, பெயர் போகவில்லை. குடியிருப்பும் 'கூலி லைன்' என்றே வழங்கிற்று.

நாளடைவில் இச்சொல் தொழிலை விட்டு இனத்தின் மேல் ஏறியது. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், சட்டம் படித்தவராயிருந்தும் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைக்கப்பட்டார். இன்று ஆங்கில அகராதிகள் இதனைப் புண்படுத்தும் சொல் என்று குறித்திருக்கின்றன.

பெயரை மாற்றியவர்களும் உண்டு. மொரீசியசில் நம்மவர் வந்திறங்கிய துறைக்குக் 'கூலி காட்' என்று பெயர் வழங்கியது. பின்னர் அதனை 'ஆப்ரவாசி காட்', அதாவது குடியேறியோர் துறை, என்று மாற்றினார்கள். 2006இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் நாட்டில் 1954இல் தோட்ட மக்களுக்கென அமைந்த தேசிய சங்கமும் 'தொழிலாளர்' என்னும் சொல்லையே தன் பெயரில் ஏற்றுக்கொண்டது.

பெற்றோர்களே, வரலாற்றுப் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் இச்சொல்லைக் காணும்போது கேள்வி கேட்பார்கள். மறைக்க வேண்டாம், பாட்டன் பாட்டியை இப்படித்தான் எழுதி வைத்தார்கள் என்று சொல்லுங்கள். ஆனால், "நான் வெறும் கூலிதானே" என்று பிள்ளைகள் காதுபட நீங்களே சொல்லாதீர்கள். பால் வெட்டுகிறவர் தொழிலாளி; ஆங்கிலத்தில் 'வொர்க்கர்', மலாயில் 'பெக்கெர்ஜா'. மாதக் கடைசியில் அவர் கேட்டு வாங்குவதுதான் கூலி. அதில் ஒரு காசு குறைந்தாலும் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

மாணவர்களே, 'கங்காணி' என்ற சொல்லும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். அதன் தமிழ் வேர் என்னவென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.