முதல் வெளிநாட்டுப் பயணமும் கைமாற வேண்டிய பொறுப்பும்

முதன்முறையாகத் தனியே வெளிநாடு போகும் இளைஞர், இறங்குகிற நாட்டில் முழு வயது வந்த ஒரு மனிதர். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்கிறவரும் அவரே. காவலர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஊரில் அப்பாவுக்கு இருக்கும் செல்வாக்கு அங்கே செல்லாது. அம்மாவின் சாமர்த்தியம் கடல் தாண்டி எட்டாது. ஆகவே பெட்டி கட்டுவதற்கு வெகுமுன்பே, இதுவரை வீடு பார்த்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கைக்கு மாறியிருக்க வேண்டும். வழியனுப்பும் குடும்பத்தின் உண்மையான வேலை அதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி போகும் மாணவரை எடுத்துக்கொண்டால் இந்த வேலைகளின் வரிசை தெளிவாகத் தெரியும். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்பதால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் துணிந்து விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அதுவே முதல் விமானப் பயணம், முதல் தனிக்குடித்தனம், சொந்தமாகக் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் முதல் ஆண்டு.

வரிசையில் முதலில் நிற்பவை ஆவணங்கள். பாஸ்போர்ட்டுக்குச் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கல் முறையில் அவசரமாக வேண்டுமானால் இன்னும் 2,000 ரூபாய். தமிழருக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்தே எழுத வேண்டும். ஒன்றில் தந்தை பெயர் முன்னே வரும், இன்னொன்றில் பின்னே போகும், மூன்றாவதில் காணாமலே போகும். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக விடப்பட்டால் வெளிநாட்டுப் படிவங்கள் தடுமாறுகின்றன. ஒரே சொல்லில் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் ஆதார் வரை எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று ஓராண்டுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஜெர்மனிக்குப் போகிறவருக்கு அடுத்த படி ஏ.பி.எஸ். சான்று. இந்தியப் பட்டங்களும் மதிப்பெண்களும் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தரப்படும் இந்தச் சான்று, 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாகிவிட்டது. பிறகு சேர்க்கைக் கடிதம், பிறகு விசா விண்ணப்பம். இந்தப் படிவங்களை யார் நிரப்புவது? பல வீடுகளில் ஏஜெண்டு நிரப்புகிறார், அப்பா பணம் கட்டுகிறார், பிள்ளை கையெழுத்து மட்டும் போடுகிறார். நேர்காணலில் இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், அந்தப் பிள்ளையிடம் மனப்பாடம் செய்த பதில்தான் இருக்கும். படிவத்தைப் பிள்ளை நிரப்ப வேண்டும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை மட்டும் பார்க்க வேண்டும். தன் கையால் நிரப்பியவருக்கே எந்தத் தாள் எதற்கு என்பது நினைவில் நிற்கும்.

இரண்டாவது பணம். மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, பயணம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். மாதக் கணக்கு என்பதையே அறியாத பிள்ளை முதல் வாரத்திலேயே பாதியைச் செலவழித்துவிட்டு நிற்கும். இதற்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய சில மாதங்கள், வீட்டு மளிகை, மின்கட்டணம், சிலிண்டர், தன் கைபேசிச் செலவு எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் நடத்தும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம். மாதக் கடைசியில் பணம் பற்றாமல் போனால் அது வீட்டுக்குள்ளேயே கிடைத்த பாடம். அதே பற்றாக்குறை ஜெர்மனியில் வந்தால் வாடகை பாக்கியாகும்.

எடுத்துச் செல்லும் ரொக்கத்துக்கும் வரம்பு உண்டு. இந்திய நோட்டாக 25,000 ரூபாய் வரைக்கும், பொதுவாக வெளிநாட்டு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். மீதியை அட்டையிலோ வங்கி வழியாகவோ அனுப்ப வேண்டும். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கத்துடன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைகிறவர் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இவற்றோடு பலர் மறந்துபோகும் சிறிய காரியம் ஒன்று: இந்திய வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. இந்திய சிம்முக்குத்தான் வரும். அந்த எண்ணில் வெளிநாட்டு ரோமிங் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் போனவர், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் நிற்பார்.

மூன்றாவது அன்றாட வாழ்க்கை. பெரியவர்களின் கண்ணுக்குத் தப்பிவிடுவது இதுதான். 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் புறப்பட்ட கணித மேதை இராமானுஜனுக்கு அப்போது வயது 26. சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தது. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் நெவில் சென்னைக்கு வந்தபோது அவரோடு பேசி வழிகாட்டினார். மேல்நாட்டு உடை வாங்கியாயிற்று, குடுமி எடுத்தாயிற்று, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழகியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் கேம்பிரிட்ஜின் குளிரில் அவர் கம்பளிகளுக்கு மேலேயே படுத்து நடுங்கினார். மெத்தையோடு சேர்த்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அங்கே படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ், பின்னாளில் பெரும் புள்ளியியல் அறிஞரானவர், பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகமும் பேராசிரியர்களும் சேர்ந்து அனுப்பிவைத்த பயணத்திலும் இரவு படுக்கும் முறை விட்டுப்போயிற்று. முதல் உலகப்போர் தொடங்கி மரக்கறி உணவு அரிதானபோது அவர் தாமே சமைத்துக்கொண்டு, வேளை தவறிச் சாப்பிட்டார். 1917இல் கடுமையாக நோயுற்றார்.

நூற்றாண்டு கடந்தும் அதே இடைவெளி இருக்கிறது. பட்டம் வாங்கிய பையனுக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாது. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற பெண், ஒரு முறைகூடத் தனியாக ரயில் டிக்கெட் எடுத்திருக்க மாட்டார். தமிழ் வீடுகளில் மகனுக்கு அடுப்படி பழக்கப்படுவதில்லை; மகளுக்குத் தெரு பழக்கப்படுவதில்லை. வெளிநாட்டில் இரண்டு பேருக்கும் இரண்டும் வேண்டும். சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் இவ்வளவு செய்யத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைக்கும் பழக்கமும் வேண்டும். தனியே நடமாடப் பழக ஒரே ஒத்திகை போதும்: சென்னையிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுப் பயணம். டிக்கெட், தங்கும் அறை, செலவு, திரும்பி வருவது எல்லாம் பிள்ளையின் பொறுப்பில். வழி கேட்பதும், வேறு மொழியில் தடுமாறுவதும், ஏமாறாமல் பேரம் பேசுவதும் அந்த ஒரு பயணத்திலேயே பழகிவிடும்.

நான்காவது உடல்நலம். ஜெர்மனியில் மாணவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சலுகைக் கட்டணத்தில் அரசு சார்ந்த மாணவர் காப்பீடு பொதுவாக 30 வயது வரைதான். இறங்கிய நாள் முதல் அது நடப்புக்கு வரும் வரையுள்ள நாள்களுக்குப் பயணக் காப்பீடு தேவை. பல் வைத்தியத்தை ஊரிலேயே முடித்துக்கொள்வதும், கண்ணாடி போட்டவர் இன்னொரு கண்ணாடியும் பவர் சீட்டும் எடுத்துப்போவதும் செலவைக் குறைக்கும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர், மருந்தின் வேதிப்பெயரை எழுதிய டாக்டர் கடிதத்தை மாத்திரையுடன் வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

ஐந்தாவது லக்கேஜ். குடும்பம் முழு மூச்சோடு இறங்குவது இந்த வேலையில்தான். கவனம் தப்புவதும் இதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் இறைச்சியோ, நெய், பன்னீர் போன்ற பால்பொருளோ கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். ஊறுகாய் பாட்டில் கைப்பையில் இருந்தால் அதுவும் திரவக் கணக்கில் சேர்ந்து 100 மில்லி வரம்புக்குள் வரும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கசகசாவின் கதை இன்னும் கூர்மையானது. ஜெர்மன் ரொட்டிக் கடையில் கசகசா தூவிய ரொட்டி சாதாரணமாக விற்கிறது. வழியில் விமானம் மாறும் ஐக்கிய அரபு அமீரகத்தில் அதே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். ஆகவே போய்ச் சேரும் நாட்டின் விதி மட்டும் தெரிந்தால் போதாது, இடையில் இறங்கும் நாட்டின் விதியும் தெரிய வேண்டும்.

இதைவிடக் கடினமான பயிற்சி ஒன்று உண்டு: மறுத்துச் சொல்வது. புறப்படும் நாளில் பக்கத்து வீட்டார் வந்து, அங்கே இருக்கும் தங்கள் மருமகனுக்கு ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துவிடச் சொல்வார்கள். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் பொறுப்பு பயணியுடையது. பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்குவதில்லை என்று முகம் கோணாமல் சொல்லப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதை முதலில் பெற்றோர் சொல்லிக் காட்ட வேண்டும்.

அசல் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், தங்குமிட முகவரி, காப்பீட்டுத் தாள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். நகல்கள் மின்னஞ்சலிலும் வீட்டிலும். பாரிஸ் அல்லது ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகிறவருக்குக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். எங்கே போகிறார், எதற்கு, எங்கே தங்குவார் என்ற மூன்றுக்கும் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும்.

ஆறாவது, இறங்கிய பிறகு முதல் இரண்டு வாரம். ஜெர்மனியில் வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். வீடு கொடுத்தவர் எழுதித் தரும் சான்று அதற்குத் தேவை. வங்கிக் கணக்கு, வரி எண், தங்கும் அனுமதி ஆகியவற்றுக்கு அந்தப் பதிவே பெரும்பாலும் அடிப்படை. எனவே பதிவுக்கு இடம்தராத தற்காலிக அறை மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. படத்தைக் காட்டி முன்பணம் கேட்கும் மோசடிகள் மாணவரைக் குறிவைத்தே நடக்கின்றன. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் பணம் அனுப்பக் கூடாது. படிப்போடு வேலை பார்க்கவும் வரம்பு உண்டு: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.

ஏழாவது, ஆபத்து நேரம். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112, காவலுக்கு 110. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். பெர்லினில் தூதரகமும், பிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. கைதானவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கலாம் என்பது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தரும் உரிமை. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குறைகளைப் பதிவு செய்யலாம். தூதரகம் உதவும், ஆனால் அந்த நாட்டுச் சட்டத்திலிருந்து விடுவிக்க அதனால் முடியாது என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

படிப்புக்கு அல்லாமல் வேலைக்குப் போகிறவருக்கு இன்னும் ஒரு படி உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் அந்த அனுமதி பெற வேண்டும். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப்போய், அங்கிருந்து மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச் சொல்லும் எந்த அழைப்பும் அபாய அறிவிப்பே.

எட்டாவதும் கடைசியுமானது பெற்றோரின் தயாரிப்பு. ஜெர்மனியில் கோடைக்காலத்தில் நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் நாலரை மணி. பேசும் நாளையும் நேரத்தையும் முன்பே வகுத்துக்கொண்டால், ஒரு அழைப்பு தவறியதற்கே வீடு பதறாது. வயது வந்த மாணவரின் மதிப்பெண்ணையோ மருத்துவ விவரத்தையோ அவருடைய சம்மதமின்றிப் பெற்றோரிடம் சொல்ல அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. விவரம் பிள்ளையின் வாயிலிருந்து மட்டுமே வரும். எனவே தேர்வில் தோற்றாலும், பணம் தீர்ந்தாலும், டிசம்பரின் நாலு மணி இருட்டில் மனம் சோர்ந்தாலும், திட்டு விழுமோ என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடாக அது இருக்க வேண்டும். மாணவர் நல அமைப்புகளில் மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதையும், அதை நாடுவதில் வெட்கம் இல்லை என்பதையும் புறப்படும் முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். படிவம், பணம், அடுப்பு, லக்கேஜ் ஆகியவை பிள்ளையின் கைக்கு மாறிய பிறகு பெற்றோரிடம் மிஞ்சும் பொறுப்பு, கேட்டபோது பதில் சொல்வதும் கேளாதபோது பொறுத்திருப்பதும்.