சுவை இழந்த தக்காளி

சென்ற மார்கழியில் நம் அன்னையார் ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருந்தார்கள். வந்த மறுநாளே அடுக்களைப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு ரசம் வைக்க முற்பட்டார்கள். இரண்டு தக்காளி கரைத்தும் பதம் வரவில்லை. மூன்றாவதையும் பிழிந்து ஊற்றினார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்துவிட்டு, "நிறம் வந்துவிட்டது, தக்காளிதான் வரவில்லை" என்றார்கள். அன்று புளியைச் சற்றுக் கூட்டி ஒருவாறு சமாளித்தோம். ஆயினும் அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கண்ணுக்கு இத்துணை அழகாயிருக்கும் காய்கனிகள் நாவுக்கு ஏன் இவ்வளவு வறியனவாய் இருக்கின்றன? இன்று இக்கேள்வியைத் தக்காளி ஒன்றை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஓர் ஐயத்தை எழுப்பிக்கொள்வது நேர்மையாகும். இளமையில் உண்டதெல்லாம் இனித்தது என்று எண்ணுவது மனித இயல்பு. தக்காளியோ நம் பழம்பெரும் உணவும் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக நம் நாட்டை வந்தடைந்தது. நம் முன்னோர் அதைச் 'சீமைத் தக்காளி' என்றே அழைத்தனர். ஆகவே, இதுவும் வெறும் ஏக்கந்தானோ என்று ஐயுறலாம். அவ்வாறன்று என்பதற்கு இப்போது ஆய்வுக் கூடங்களே சான்று கூறுகின்றன.

தக்காளியின் சுவை என்று நாம் கூறுவது மூன்று பொருள்களின் கூட்டு. பழத்திலுள்ள சர்க்கரை இனிப்பைத் தருகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. இவ்விரண்டையும் நாவு உணர்கிறது. மூன்றாவது மணம். அது மிக நுண்ணிய அளவில் ஆவியாகி மூக்கை எட்டும் பொருள்களால் உண்டாவது. இனிப்பும் புளிப்பும் இருந்து மணம் இல்லையெனில், அது தக்காளி என்று அறிவதற்கே வழியில்லை. அன்னையார் 'வரவில்லை' என்று குறிப்பிட்டது இதைத்தான்.

அமெரிக்காவிலுள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி கிளீ முதலிய அறிஞர்கள் ஏறக்குறைய 400 தக்காளி வகைகளின் மரபணுக்களை ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மக்களைக் கொண்டு பழங்களைச் சுவைக்கச் செய்து, எந்தெந்தப் பொருள்கள் விருப்பத்தைத் தூண்டுகின்றன என்றும் கணக்கிட்டனர். சுவைக்கு இன்றியமையாத மணப்பொருள்களுள் 13, பழைய வகைகளில் உள்ளதைவிட இக்கால வகைகளில் கணிசமாகக் குறைந்திருந்தன. பழம் பெரிதாகப் பெரிதாக அதிலுள்ள சர்க்கரையின் செறிவு குறைகிறது என்பதும் தெளிவாயிற்று. உழவருக்கு எடையைக் கொண்டே விலை கிடைக்கிறது. எடை கூடிய கனியைத் தரும் விதையையே அவர் நாடுவார். அத்தகைய விதையையே ஆய்வாளர் உருவாக்குவார். இவ்வாறு, எவரும் திட்டமிடாமலே சுவை கைநழுவிப் போயிற்று.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பழைய வகைத் தக்காளி காயாயிருக்கும்போது காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பின்னும் அவ்விடம் சற்று மஞ்சளாகவோ பச்சையாகவோ நின்றுவிடுவதுண்டு. இதைக் குறையெனக் கருதிய பயிர்ப்பெருக்க வல்லுநர், காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாய் இருந்து ஒரே சீராகச் சிவக்கும் வகைகளைப் பல்லாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். சந்தையும் அவற்றை விரும்பி ஏற்றது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதன் விலையை உணர்த்திற்று. அச்சீரான நிறத்தைத் தருவது ஒரு மரபணுவின் செயலிழப்பே. அம்மரபணுவோ காயில் பச்சையத்தைப் பெருக்கி, காயிலேயே கதிரொளியைக் கொண்டு சர்க்கரை ஆக்கத் துணை நிற்பது. அழகற்றது என்று நாம் ஒதுக்கிய பச்சைத் தோளே இனிப்பை வளர்க்கும் இடமாக இருந்தது.

விதையில் நேர்ந்த இழப்பு இது. வழியில் நேரும் இழப்பு வேறு. தில்லியின் ஆசாத்பூர் மொத்தச் சந்தைக்குக் கோடையின் தொடக்கத்தில் அண்டை மாநிலமான அரியானாவிலிருந்தும், மழைக்காலத்தில் இமாசலத்தின் சோலன் பகுதியிலிருந்தும் தக்காளி வருகிறது. இங்கு வரத்துக் குறையும்போது கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் லாரிகள் புறப்படுகின்றன. அது 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். செடியில் கனிந்த மெல்லிய பழம் அத்துணைத் தொலைவைத் தாங்குமா? ஆதலின் நெடுந்தொலைவு செல்ல வேண்டிய பழத்தை முற்றும் கனியுமுன்பே பறித்துவிடுகின்றனர். வழியில் அது சிவக்கிறது. ஆனால் செடியிலிருந்து பெறவேண்டிய இனிப்பை முழுமையாகப் பெறுமுன்பே தொடர்பு அறுந்துவிடுகிறது.

எஞ்சியதை இழப்பது நம் இல்லத்தில். வாங்கி வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிடுகிறோம். தக்காளி வெப்ப நாட்டுக் கனி. குளிரை அது பொறுப்பதில்லை. 5 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு வாரம் வைத்த தக்காளியில் மணப்பொருள்களை ஆக்கும் மரபணுக்களின் செயல் ஒடுங்கிவிடுவதையும், வெளியே எடுத்துவைத்த பின்னும் இழந்த மணம் முழுவதும் திரும்பாமையையும் 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சர்க்கரையும் அமிலமும் அதிகம் மாறுவதில்லை, மணமே போய்விடுகிறது.

இவ்வளவும் கேட்ட பின், புதிய வகைகளைப் பழிக்கத் தோன்றும். அது முறையன்று. இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 2 கோடி டன் தக்காளி விளைகிறது. அதை விளைவிக்கும் உழவர் இலைச்சுருள் நோயாலும் வாடல் நோயாலும் ஒரே பருவத்தில் அனைத்தையும் இழக்கக்கூடும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஆர்க்கா ரக்ஷக்' என்னும் வீரிய ஒட்டு வகை, இவ்விரண்டோடு இலைக்கருகல் நோயையும் எதிர்த்து நிற்பது, நெடுநாள் கெடாதது. அவ்வுறுதி உழவருக்கு வாழ்வு. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களை நினைவிற்கொள்வோம். தில்லியில் தக்காளி விலை கிலோ 200 ரூபாயை எட்டித் தாண்டியது. அப்போது அரசு ஆந்திரம், கர்நாடகம், மராட்டியம் ஆகிய மாநிலங்களில் கொள்முதல் செய்து, ஊர்திகளில் வைத்துக் குறைந்த விலைக்கு இங்கு விற்றது. கெட்டித் தோல் கொண்ட தக்காளி இல்லையேல் அந்த உதவி வழியிலேயே குழம்பாகியிருக்கும். தக்காளி எல்லா மாதத்திலும் எல்லாருக்கும் கிட்ட வேண்டும் என்று விரும்பினோம், கிட்டிற்று. அதற்குரிய விலையைப் பணத்தால் மட்டுமின்றிச் சுவையாலும் செலுத்தினோம்.

ஆனால் அந்தப் பேரம் நடந்தபோது சுவையின் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லை என்பதே நம் குறை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், தர விதிகளைப் படிக்கும்போது சொற்களை எண்ணிப் பார்க்கும் பழக்கமுடையோம். பன்னாட்டு உணவுத் தர விதித்தொகுப்பில் தக்காளிக்கென 2008ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட தரம் ஒன்றுண்டு. பழம் முழுமையாயிருத்தல், தூய்மையாயிருத்தல், உறுதியாயிருத்தல், வடிவம், பருமன், தோலின் குறைகள் ஆகியவை அதில் விரிவாக வகுக்கப்பட்டுள்ளன. சுவை என்ற சொல் அங்கே எவ்வாறு வருகிறது? வேற்று மணமும் வேற்றுச் சுவையும் இருத்தல் ஆகாது என்று வருகிறது. தன் மணமும் தன் சுவையும் இருந்தாக வேண்டும் என்ற விதியைக் காணோம். மண்ணெண்ணெய் மணந்தால் தக்காளி தள்ளப்படும். தக்காளி மணக்காவிட்டால் தள்ளப்படாது!

விதியை வகுத்தோரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்குவோம். நம் குடியிருப்பின் அருகே வாரச் சந்தை கூடுகிறது. அங்கே கடைக்காரர், "தேசி வேண்டுமா, ஹைபிரிட் வேண்டுமா?" என்று கேட்பார். தேசி என்பது உருண்டையாய், மெல்லிய தோலுடன், காம்பருகே பச்சை படர்ந்து, சாறும் விதையும் நிறைந்த நாட்டு வகை. மற்றது நீள்வட்டமாய், ஒரே செம்மையாய், அழுத்தினாலும் நசுங்காதது. அன்னையாரின் சொல்லைக் கேட்ட பிறகும், அடுத்த வாரம் நம் கை தானாகவே அந்த நீள்வட்டக் குவியலை நோக்கி நீண்டது. உடன் வந்திருந்த அன்னையார் நம் கையைத் தட்டிவிட்டு, தேசியில் ஒன்றை எடுத்துக் காம்பருகே முகர்ந்து பார்த்தார்கள். பிறகு அதையே அரைக் கிலோ நிறுக்கச் சொன்னார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு மூக்கே துணையாயிற்று.

அன்று மாலை வைத்த ரசத்தில் தக்காளி வந்துவிட்டது. புளி கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மீதியிருந்த பழங்களில் இரண்டு அழுகிவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சுவையுள்ள பழம் நமக்காகக் காத்திராது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பருவத்தில், அருகில் விளைந்ததை வாங்குவோம். இரண்டு நாள் தேவைக்கு மட்டும் வாங்கி, நிழலில் வெளியே வைப்போம். பச்சைத் தோளையும் கோணல் வடிவத்தையும் குறையெனத் தள்ளாதிருப்போம். கண்ணால் பார்த்ததை மூக்கால் உறுதி செய்துகொள்வோம். நல்ல பழத்திற்குக் கடைக்காரர் சற்றுக் கூடுதல் விலை கேட்டால், அது உழவரைச் சென்றடையும் என்ற நம்பிக்கையோடு கொடுப்போம். சுவைக்குரிய மரபணுக்கள் அழிந்துவிடவில்லை. பழைய வகைகளில் இன்றும் இருக்கின்றன. நோயைத் தாங்கும் உறுதியோடு அவற்றை மீண்டும் இணைக்க முடியும் என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். அம்முயற்சியில் அவர்கள் இறங்க வேண்டுமாயின், சந்தையில் சுவையைக் கேட்பவர் இருக்க வேண்டும்.

அன்னையார் தை பிறக்குமுன் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது வாரச் சந்தையில் நாமும் தக்காளியை எடுத்து முகர்ந்து பார்க்கிறோம். முதலில் கடைக்காரர் நகைத்தார். இப்போதெல்லாம் நம்மைக் கண்டதும் தேசிக் கூடையை அவரே முன்னே நகர்த்திவைக்கிறார்.