ஓட்டை விழுந்த கதவும் ஓர் ஊர்ச் சங்கமும்

இன்று உங்களை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு, டீர்ஃபீல்டு என்ற சிற்றூருக்கு அழைத்துப் போகிறேன். பாஸ்டனிலிருந்து மேற்கே காரில் போனால் இரண்டு மணி நேரம். கிழக்கே போகம்டக் மலைத்தொடர், மேற்கே டீர்ஃபீல்டு ஆறு. ஆறு வளைந்து வளைந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணில், மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிறது. பழைய ஊர் என்பது ஒரு மைல் நீளத்துக்கு ஒரே தெரு. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், மரங்களுக்குப் பின்னால் 18-ஆம் நூற்றாண்டு மர வீடுகள். வெயிலிலும் பனியிலும் கறுத்த பலகைச் சுவர்கள். வாசற்கதவுக்கு மேல் மட்டும், கோபுர முகப்புபோல அலங்காரமாகச் செதுக்கிய நிலைகள்.

இவ்வூரின் கதையையே சொல்லும் கதவு இந்த வீடுகள் எதிலும் இல்லை. தெருவிலிருந்து சற்றுத் திரும்பினால், 1798-இல் பள்ளிக்கூடமாகக் கட்டிய செங்கல் கட்டடம் வரும். இன்று அதற்கு நினைவு மண்டபம் என்று பெயர். கதவு அதற்குள் இருக்கிறது. இரட்டை அடுக்கு ஓக் பலகை, அதன் மேல் நெருக்கமாக அறைந்த கொல்லன் பட்டறை ஆணிகள். நடுவில், கோடரியால் கொத்திக் கொத்திப் பிளந்த ஓர் ஓட்டை.

1704 பிப்ரவரி 29, விடிவதற்கு முந்தைய நேரம். ஊரைச் சுற்றிய மரவேலியின் உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரரும், அபனாக்கி, ஹ்யூரான், மோஹாக் முதலிய பழங்குடி வீரரும் அந்தப் பனிமேட்டில் ஏறி உள்ளே இறங்கினார்கள். ஊரார் சுமார் ஐம்பது பேர் மாண்டார்கள். 112 பேரைச் சிறைபிடித்து, பனியில் 300 மைல் நடத்திக் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜான் ஷெல்டன் என்பவர் வீட்டுக் கதவு உடையவில்லை. ஓட்டை போட்டு, அதன் வழியாகச் சுட்டார்கள். வீட்டம்மாள் அந்தக் குண்டுக்குப் பலியானார் என்று ஊர் சொல்கிறது.

அந்த வீடு பிழைத்தது, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்றது. 1847-இல் அதை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊரார் கூடினார்கள், வீட்டைக் காப்பாற்றப் பணம் திரட்டப் பார்த்தார்கள். சேரவில்லை. மறு ஆண்டு வீடு தரைமட்டமாயிற்று. பழைய வீடு ஒன்றைக் காக்க அமெரிக்காவில் நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். மிஞ்சியது கதவு. அதையும் 1863-இல் பாஸ்டன் மருத்துவர் ஒருவர் விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார். ஊர் விடவில்லை. 1868-இல் கதவு திரும்பி வந்தது.

இரண்டே ஆண்டில், 1870-இல், போகம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கம் பிறந்தது. நடத்தியவர் ஜார்ஜ் ஷெல்டன், அதே ஷெல்டன் குடும்பத்து வாரிசு. வீட்டை இழந்த வேதனைதான் இந்தச் சங்கத்தைப் பெற்றது என்று நான் நினைக்கிறேன். அடுத்தது எது போகும் என்ற பதைப்பு அவர் செய்த எல்லாவற்றிலும் தெரிகிறது. பரண்களில் கிடந்ததை எல்லாம் கேட்டு வாங்கினார். கலப்பை, ராட்டை, வெண்கலப் பானை, கிழிந்த போர்வை, குழந்தையின் செருப்பு. மன்னர்கள், தளபதிகளின் பொருள்களைத்தான் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று பலரும் எண்ணிய காலம் அது. 1880-இல் மண்டபம் திறந்தபோது, உள்ளே ஒரு பழைய அடுக்களையையே அமைத்துக் காட்டினார்கள். ஒரு காலத்து அறையை அப்படியே அமைத்துக் காட்டும் வழக்கம் அந்த நாட்டில் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

ஆண்டுதோறும் கூட்டம், கோடையில் சுற்றுவட்டார ஊர்களில் வெளிக்களக் கூட்டம். திறந்தவெளியில் சொற்பொழிவு, சாப்பாடு, பாட்டு. வரலாறு கேட்க ஊரே வந்து உட்கார்ந்தது.

என் மனத்தில் ஆழமாகத் தைத்தது இதைவிட வேறொன்று. 1896-இல் மார்கரெட் வைட்டிங், எலன் மில்லர் என்ற ஓவியம் பயின்ற இரு பெண்கள், இங்கே இருந்த பழைய பூவேலைத் துணிகளைப் பார்த்தார்கள். கம்பளி நூலைப் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. பூ, கொடி, மாதுளை என்று அந்தக் காலத்துப் பெண்கள் தைத்த வடிவங்கள் இழை இழையாக உதிர்ந்துகொண்டிருந்தன. இருவரும் அவற்றைப் படியெடுத்தார்கள். பூச்சி அரிக்காத லினன் துணியில், அவுரி நீலம் தோய்த்த லினன் நூலால் தைக்க ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நீல வெள்ளைத் தையல் சங்கம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு துணியிலும் ராட்டைச் சக்கரத்துக்குள் ஓர் எழுத்து, அதுதான் முத்திரை. விற்ற விலையில் பாதி, தைத்தவர் கைக்குப் போனது. வேலை தேடி ஆண்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊரில் இருந்த பெண்களுக்கு இது வருமானமாயிற்று. 1926 வரை நடந்தது. அரித்துப்போன துணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அதுவும் பாதுகாப்புதான். ஆனால் அந்தத் தையல் மறுபடியும் பெண்களின் விரல்களுக்கு வந்து சேர்ந்ததே, அதைப் பார்த்துப் பார்த்து நான் மகிழ்கிறேன்.

அதே தெருவில் பிரான்செஸ் ஆலன், மேரி ஆலன் என்ற அக்காள் தங்கை வாழ்ந்தார்கள். ஆசிரியைகளாக இருந்தவர்கள், காது மந்தமாகிப் போனதால் வகுப்பறையை விட்டுவிட்டு நிழற்படக் கருவியைக் கையில் எடுத்தார்கள். அக்கம்பக்கத்தாருக்குப் பழைய உடை உடுத்தி, ராட்டை முன்னே உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். அழகான படங்கள். ஆனால் அவற்றில் தெரியும் பழைய காலம் சற்று இனிப்பு கூடியது. பசியும் பயமும் அடிமைத்தனமும் அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை.

இனிப்பு கூடிய வரலாற்றை, காலம் போகப் போக இச்சங்கமே திருத்திக்கொண்டதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. மண்டபத்துச் சுவரில், 1704-இல் மாண்டவர், சிறைபோனவர் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதில் யூனிஸ் வில்லியம்ஸ் என்ற பெயர் உண்டு. ஊர்ப் பாதிரியாரின் மகள், சிறைபோனபோது வயது ஏழு. கானவாகே என்ற மோஹாக் ஊரில் வளர்ந்தாள், அங்கேயே ஒரு மோஹாக் இளைஞரை மணந்தாள். தந்தையும் தமையனும் எத்தனை மன்றாடியும் திரும்பவில்லை. 1740-இல் விருந்தாளியாக வந்து உடன்பிறந்தவர்களைப் பார்த்தாள், மீண்டும் தன் ஊருக்கே போனாள். அங்கேதான் 1785-இல் இறந்தாள். இவளைப் பற்றி அந்தக் கல், காட்டுமிராண்டி ஒருவனை மணந்து தானும் அப்படியே ஆனாள் என்ற பொருளில் எழுதியிருந்தது. சங்கம் அந்தக் கல்லை உடைத்தெறியவில்லை, பெயர்த்தும் எடுக்கவில்லை. அவளுடைய கதையை மதிப்போடு சொல்லும் புதிய வாசகத்தை அங்கே சேர்த்தது. தங்கள் முன்னோர் எப்படி எழுதினார்கள் என்பதும் வரலாறுதானே! அதை மறைத்துவிட்டால் திருத்தியதற்கே பொருள் இல்லாமல் போகும்.

யூனிஸின் வழிவந்த அபனாக்கி மக்கள் 1837-இல், சங்கம் தோன்றுவதற்கு முன்பே, இவ்வூருக்கு வந்திருக்கிறார்கள். கூடாரமடித்துத் தங்கி, தங்கள் முன்னோராகிய வில்லியம்ஸ் குடும்பத்தாரின் கல்லறைகளை வணங்கிவிட்டு, கூடைகள் முடைந்து விற்றுவிட்டுப் போனார்கள். கதவுக்கு வெளியே நின்றவர்களும் உள்ளே நின்றவர்களும் ஒரே குடும்பமாகிவிட்டிருந்தார்கள். 2004-இல் முந்நூறாம் ஆண்டு நினைவு வந்தபோது, மோஹாக், அபனாக்கி, ஹ்யூரான், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என ஐந்து தரப்பின் பார்வையிலும் அந்த இரவின் கதையைச் சங்கம் சொன்னது. அந்தந்தச் சமூகத்தாரையே பேசவைத்துச் சொன்னது.

இன்னொரு பெயரையும் கேளுங்கள்: லூசி டெர்ரி. ஆப்பிரிக்காவிலிருந்து குழந்தையாகப் பிடித்துவரப்பட்டு, இதே தெருவில் எபனேசர் வெல்ஸ் வீட்டில் அடிமையாக இருந்தவர். 1746-இல் ஊர் எல்லையில் நடந்த ஒரு தாக்குதலைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். ஆப்பிரிக்க அமெரிக்கர் இயற்றியதாக இன்று தெரிந்த பாடல்களில் மிகப் பழையது அதுதான். நூறாண்டுக்கு மேல் வாய்வழியாகவே வாழ்ந்து, 1850-களில்தான் அச்சேறியது. இப்போது இவ்வூரில் அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பெயர் பொறித்த கற்களை, அவர்கள் உழைத்த இடங்களில் பதித்திருக்கிறார்கள். அழகான நிலைக்கதவுகளை அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் பயணி, காலடியையும் பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1952-இல் ஃப்ளின்ட் தம்பதியர் தொடங்கிய 'ஹிஸ்டாரிக் டீர்ஃபீல்டு' வேறோர் அமைப்பு. தெருவில் நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் அவர்களுடையவை. நினைவு மண்டபம் ஊர்ச் சங்கத்துடையது, குளிர்காலத்தில் மூடியிருக்கும். செப்டம்பரில் போவது நல்லது. சங்கம் நடத்தும் கைவினைச் சந்தை அப்போது மண்டபத்தருகே புல்வெளியில் கூடும். மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும். சந்தைக்குள் நுழையும் முன் மண்டபத்துக்குப் போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்தால் கதவின் முன் நின்று பார்க்க இடம் கிடைக்காது.