திரையில் ஒரு விரல்கடை, தரையில் எவ்வளவு தூரம்?



பூகோள வகுப்பில் பிரதிபின்னம் படித்தது நினைவிருக்கிறதா? இந்திய நில அளவைத் துறையின் தாளில் 1:50,000 என்று அச்சிட்டிருந்தால், தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது அரை கிலோமீட்டர். தாளின் ஓரத்தில் கட்டம் போட்ட ஒரு கோடும் இருக்கும். அது கோட்டளவை. இன்று கைபேசியில் வரைபடம் பார்க்கிறபோது இந்த இரண்டில் எதை நம்பலாம் என்பதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

திரையில் வரைபடம் காட்டும் மென்பொருளுக்குச் சென்டிமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பிக்சல் என்கிற புள்ளிகள்தான். உங்கள் திரையில் ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் அதற்குத் தெரியாததால், ஓர் அளவை அனுமானித்துக்கொள்கிறது. இணைய வரைபடத் தரங்களில் ஒரு புள்ளி 0.28 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். கணினி மென்பொருள்கள் பலவும் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்று வைத்துக்கொள்கின்றன. ஒரே வரைபடத்தை, ஒரே நெருக்கத்தில், முதல் கணக்கு 1:2,133 என்று சொல்லும். இரண்டாவது 1:2,257 என்று சொல்லும். அதே படத்தைப் புரொஜெக்டரில் சுவர் முழுக்க விரித்தால் இரண்டுமே பொருந்தாது. ஆகவே, திரையில் தெரியும் பிரதிபின்னத்தை நான் நம்புவதில்லை.

ஒரு புள்ளி தரையில் எத்தனை மீட்டர் என்பதை மட்டும் மென்பொருளால் சரியாகக் கணக்கிட முடியும். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். மிகத் தொலைவான காட்சியில், உலகம் முழுவதும் 256 புள்ளி அகலமுள்ள ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது. வகுத்துப் பாருங்கள், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 156 கிலோமீட்டர் வரும். ஒவ்வொரு படி நெருங்கும்போதும் அது பாதியாகும். 17 படி நெருங்கினால் ஒரு புள்ளிக்கு 1.19 மீட்டர்.

பூமியின் அளவு இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அதைத் துல்லியமாக அறிய உழைத்தவர்களில் ஒருவர் சென்னையில் தொடங்கினார். 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை விரித்து, ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். 57 நாள் வேலை அது. நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நான் சொன்ன 1.19 மீட்டர் நிலநடுக்கோட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறையைத் தழுவியவை. அதில் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் இழுபட்டுப் பெரிதாகும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் அதன் அட்சரேகைக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 13 பாகையில் இருக்கும் சென்னையில் ஒரு புள்ளி 1.16 மீட்டர். அதே நெருக்கத்தில் லண்டனில் 0.74 மீட்டர்தான்.

லீஃப்லெட் என்ற கட்டற்ற மென்பொருள் கோட்டளவையை வரையும் விதம் அழகானது. திரையின் நடுமட்டத்தில் 100 புள்ளிக்கு எத்தனை மீட்டர் என்று பார்க்கும். சென்னையில் 116 வரும். 116 என்று எழுதினால் மனத்தில் நிற்காதே! அதனால் 100 என்று குறைத்துக்கொண்டு, கோட்டையும் 86 புள்ளியாகச் சுருக்கிவிடும். லண்டனில் 74 வரும். 50 மீட்டர் என்று எழுதி, கோட்டை 67 புள்ளிக்கு வரையும். ஓர் இணைய வரைபடத்தைத் திறந்து, நெருக்கத்தை மாற்றாமல் வடக்கே நகர்த்திக்கொண்டே போங்கள். மூலையிலுள்ள கோடு மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

இந்தியா முழுவதும் தெரியும்போது, நடுமட்டத்துக்குப் போட்ட கோட்டைக் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் பொருத்தக்கூடாது. அப்போது தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அச்சுப்படி. 1:1000 அளவையில் வரைந்த புலப்படத்தைக் கடையில் அச்செடுக்கிறோம். தாளுக்குள் அடக்கும் வசதி படத்தை 94 விழுக்காடாகச் சுருக்கிவிட்டால், 50 மீட்டர் வரப்பு தாளில் 5 சென்டிமீட்டருக்குப் பதில் 4.7 ஆகிவிடும். ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு 47 மீட்டர்தான் கிடைக்கும். மூன்று மீட்டர், ஏறக்குறைய பத்தடி, காணாமல் போய்விடும். பக்கத்து நிலத்துக்காரரோடு பகைத்துக்கொள்ள இது போதும். 1:1000 என்ற எழுத்து மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். கோட்டளவை இருந்தால் அதுவும் படத்தோடு சேர்ந்து சுருங்கி, சரியான கணக்கையே சொல்லும்.

புலப்படத்தில் எழுதியிருக்கும் மீட்டர் எண்களையே நம்புங்கள், தாளை அளந்து முடிவு செய்யாதீர்கள். அச்செடுக்கும்போது நூறு விழுக்காட்டு அளவில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். யாராவது உங்களுக்கு வரைபடம் வரைந்து கொடுத்தால், அதில் ஒரு கோட்டளவையையும் போட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள்.